இரண்டரை மணி முந்திய கணினி

றுமானா அக்காவுக்கு வேலை, பழைய குப்பையைக் கிளறுவது. இதைச் சொன்னது நானல்ல, அவவேதான். காத்தான்குடி பிரதான வீதியில், பேரீச்ச மர வரிசைக்கு எதிரே, புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கட்டாரிலுள்ள ஒரு கம்பனியின் கணினிகள் எவ்வளவு உழைத்தன, எவ்வளவு சூடேறின என்று அவை தாமே எழுதிவைத்த பழைய பதிவுகள் எங்களுக்கு வரும். அவற்றில் செல்லாத வரிகளைப் பிடித்து ஒதுக்குவோம். நூற்றுக்கு நூற்றிருபது வீதம் உழைத்தேன் என்று சொல்லும் கணினியை நம்பக் கூடாது, மனிசரையும்தான் என்பா அக்கா.

எங்கள் பக்கத்தில், தமிழரோ முஸ்லிமோ, கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அக்காவின் மாப்பிள்ளை நௌஷாட் நானாவும் அப்படித்தான் வந்தார். வந்த வேகத்தில் கட்டாருக்குப் போய்விட்டார். அதே கம்பனியில் கணினிகள் அடுக்கிய அறையொன்றில் அவருக்கு வேலை. அக்காவின் வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டு அலுமாரியில் அவருடைய சாரன்கள் மடித்தபடி கிடக்கின்றன. அடுத்த நோன்புக்கு வந்துவிடுவேன் என்பது அவருடைய வாய்ப்பாடு. ஒவ்வொரு நோன்புக்கும் அவர் பங்குக்கு ஒரு கோப்பை கஞ்சி ஊற்றி வைத்து, பிறகு அதையும் அக்காவே குடிப்பா. இலவு காத்த கிளி என்று அவவுடைய உம்மா ஏசுவா. எனக்கும் அந்த மனிசன்மேல் கோபம்தான்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். பகலில் அவர் தவறாமல் கோல் எடுப்பார். எங்கள் இடைவேளை தொடங்கியதும் போன் அடிக்கும், அக்கா அதை ஸ்பீக்கரில் போடுவா. அங்கே இப்போது எத்தனை மணி என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாங்கு சொல்லி முடிந்திருக்குமே, தொழுதுவிட்டாயா என்றுதான் கேட்பார். பக்கத்து வீட்டில் இருப்பவர் மாதிரி.

ஒருநாள் அவருடைய அறைப் பதிவுகளே அக்காவின் மேசைக்கு வந்தன.

"நிருஷா, இஞ்ச வந்து பாரு," என்று அக்கா என்னைக் கூப்பிட்டா.

பிற்பகல் மூன்று மணிக்குக் கம்பனி சேகரித்த பதிவு, ஐந்தரை மணிவரை எழுதப்பட்டிருந்தது. நடக்காததை முன்கூட்டியே எழுதிய கணினி. மாதக்கணக்கில் எல்லா வரியும் அப்படித்தான். விதிப்படி அத்தனையும் செல்லாது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டாரைவிட எங்கள் நேரம் இரண்டரை மணி முந்தியது.

இடைவேளையில் நானா எடுத்ததும் அக்கா கேட்டுவிட்டா. அவர் சிரித்தார்.

"ஜன்னல் இல்லாத அறை, புள்ள. மணி பாக்கத்தான் வேணுமெண்டா நம்மட ஊர் மணியப் பாப்பமெண்டு மாத்தி வெச்சன்."

பிறகு பயந்துபோய், ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், யாருக்கும் சொல்லிவிடாதே என்றார்.

சொல்லாமல் விடுவது லேசு. எல்லா வரியிலும் இரண்டரை மணியைக் கழித்தால் பதிவு சுத்தம். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். அக்கா அப்படித்தான் செய்வா என்று நினைத்தேன். அவ ஆறிப்போன தேத்தண்ணியை ஒதுக்கி வைத்தா.

"வேலையால நிப்பாட்டினா ஊட்ட வந்திருவாரு தானே," என்றா.

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வந்தபின் எதைச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். கஞ்சி குடித்துக்கொண்டு கிடப்போம், ஆளுக்கொரு கோப்பை என்றா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை அறிக்கையை எழுதினா. கடிகாரம் இலங்கை நேரத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, இரண்டரை மணி கழித்தால் எல்லா வரியும் செல்லும். அதோடு விட்டிருக்கலாம். மற்ற அறைகளில் அங்கங்கே வரிகள் விடுபட்டிருக்க, இந்த அறையில் ஒரு வரிகூட விடுபடவில்லை என்றும் எழுதினா. உள்ளது உள்ளபடி எழுதித்தான் அவவுக்குப் பழக்கம். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய், சாரன்களையெல்லாம் கழுவிக் கொடியில் போட்டாவாம். எனக்கு அதைக் கேட்கவே பாவமாக இருந்தது.

சில நாட்களில் போன் வந்தது. எங்கள் இடைவேளை எப்போதோ முடிந்திருந்தது. நானாவின் குரலில் அப்படியொரு சந்தோசம். கடிகாரத்தைத் தொட்டதற்கு ஏச்சு விழுந்ததாம். ஆனால் எல்லா அறையிலும் அவருடைய அறைதான் திறம் என்று, ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிவிட்டார்களாம். உன் அறிக்கையால்தான் என்று நன்றி வேறு சொன்னார்.

அல்ஹம்துலில்லாஹ் என்றா அக்கா. முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டா.

கணினியின் நேரத்தையும் காலையில் திருத்திவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு நானா கொஞ்சம் நிறுத்தினார்.

"இப்ப அங்க எத்தின மணி, புள்ள?"

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தா. பார்த்துக்கொண்டே இருந்தா. நான்தான் போன் பக்கம் எட்டி மணியைச் சொன்னேன்.