வங்காலைக்கு மேலே எடுத்த காற்று

அந்தக் கோடை முழுவதும் கொழும்பின் வானத்தில்தான் எனக்கு வேலை. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கருவிகளை ஏற்றிய சிறிய விமானம். இறக்கைக்கடியில் நீண்டிருந்த குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வாகனப் புகை வெயிலில் கிடந்து எப்படி மூச்சுக்குக் கெடுதியான ஓசோனாக மாறுகிறது என்று அளந்துகொண்டிருந்தோம். மேலேயிருந்து பார்க்க, நகரம் பால் கலந்த தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடப்பதுபோல இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான காற்று வேண்டுமென்று ஆய்வுத் தலைவர் கேட்டார். மன்னார்க் கரை என்றேன் யோசிக்காமலே. என் ஊர் அது.

வங்காலையில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நாளைக்கு வீட்டுக்கு மேலால வருவம்."

"எல்லாருமா இறங்கித் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்று சிரித்தாள்.

மறுநாள் தெற்கிலிருந்து மெல்லிய காற்று. கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தாழப் பறந்தோம். கோயில் கூரை, வள்ளங்கள், மணலில் விரித்த ஒரு சிவப்புப் போர்வை, பக்கத்தில் கையை ஆட்டும் ஒரு புள்ளி. என் அக்கா! கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். ஓசோன் கொழும்பு நடுவில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது.

கருவியைச் சரிபார்த்தோம். பிழையில்லை. நகரத்துக்குள் புதுப்புகையே ஓசோனைத் தின்றுவிடும்; காற்றோடு தூரம் போகப்போகத்தான் அது வளரும். படித்துத் தெரிந்ததுதான். ஆனாலும் என் ஊரில் அதைக் காண நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். பூசை முடிந்து வந்த அக்கா முதலில் கேட்டது அதைத்தான்.

"எங்கட காத்து எப்பிடி?"

சொன்னேன். அவளுடைய முகம் வாடியது.

"கொழும்புப் புகைக்கு இங்க என்ன வேலை?"

"காத்து கொண்டு வாறது அக்கா. வாற வழியில வெயில் பட்டு மாறுது."

"அப்ப மூச்சு விடப் பயமோ?"

"பயப்பிடுற அளவுக்கு இல்லை. ஆனா சுத்தம் எண்டு சொல்லேலாது."

பின்னேரம் இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். வெயில் தணிந்து, தண்ணீர் தகடுபோல மினுங்கியது. என்னையறியாமல் ஆழமாக மூச்சை இழுத்தேன். உப்பு, கருவாடு, ஈர வலை. வேறு எந்த மணமும் இல்லை.

"என்ன, இழுத்து இழுத்துப் பாக்கிறாய்?" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அதுவும் பொய்யில்லை.