ஆறு மீற்றர் ஆழத்தில் ஒரு பொய்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தோழி ரிஸானா கடலோடு போகப் பார்த்தாள். காரணம் – ஒரு புத்தகம்.

ரிஸானா திருகோணமலைப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்காரி. ஆஸ்பத்திரியில் தாதி. இந்த வருடம் நானும் அவளும் சேர்ந்துதான் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் சுழியோடப் பழகினோம். பயிற்சி முடிந்த உற்சாகத்தில் அவள் வாங்கியதுதான் அந்த வழிகாட்டிப் புத்தகம். பளபளக்கும் தாள். பக்கத்துக்குப் பக்கம் மீன்கள். புதிய சுழியோடிகளுக்கென்றே எழுதியதாம்!

திருகோணமலைத் துறைமுக வாயிலுக்கு வெளியே உள்ள ஒரு பவளப்பாறையைப் பற்றி அதில் இப்படி இருந்தது: ‘ஆறு மீற்றர் ஆழம். நீரோட்டம் கிடையாது. வருடம் முழுவதும் இறங்கலாம். வழிகாட்டி தேவையில்லை.’

வருடம் முழுவதுமா? கடலைக் கலக்கும் வாடைக்காற்று எட்டிப் பார்க்கத் தொடங்கிய நேரம். எனக்கு லேசாக நெருடியது.

“புத்தகத்தில போட்டிருக்கிறது பொய்யாவா இருக்கும் அக்கா?” என்றாள் ரிஸானா.

அச்சில் வந்துவிட்டால் எதற்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறதே... படகு பிடித்துப் போனோம்.

இறங்கியதும் எல்லாம் அழகுதான். பாறையின் மூலையைத் திரும்பினோம். யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது போல இருந்தது. நீரோட்டம்! கிடையவே கிடையாது என்றார்களே, அதேதான். ரிஸானா பாறையைப் பிடித்தாள். கை வழுக்கியது. முகமூடிக்குள் அவள் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன். அவளுடைய சிலிண்டர் பட்டி என் கையில் அகப்பட்டது. விடவில்லை. மெல்ல மெல்ல மேலே வந்து பார்த்தால்... எங்கள் படகு தூரத்தில் ஒரு புள்ளி.

மிதவை ஜாக்கெட்டில் காற்றை நிரப்பிக்கொண்டு மிதந்தோம். மாறி மாறி விசில் ஊதினோம். அலை தூக்கினால் படகு தெரியும். இறக்கினால் வானம் மட்டும்.

“அக்கா, பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறன் எண்டு சின்ன மகளிட்ட சொல்லிட்டு வந்தனான்” என்றாள்.



“கதைக்காத. ஊது!” என்றேன்.

படகுக்காரர் ஒருவழியாக எங்களைக் கண்டுகொண்டார். ஏறியதும் ரிஸானா வாந்தியெடுத்தாள். பிறகு அழுதாள்.

மறுநாள், புத்தகத்தை எழுதிய மனிதரைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அந்தப் பாறையில நீங்கள் இறங்கிப் பாத்தனீங்களா?”

“இல்லை மேடம். நான் வந்த அண்டைக்கு மழை. ஹோட்டல்ல விசாரிச்சு எழுதினனான்.”

“அப்ப புத்தகத்தில இருக்கிற அந்தப் பாறைப் படம்?”

“அது மாலைதீவில எடுத்தது. வடிவா வந்திருக்கு, என்ன?”

வெட்கம்? மருந்துக்கும் இல்லை.

இந்த ரகத்து ஆட்கள் இப்போது பெருகிவிட்டார்கள். சாப்பிடாத கடைக்குப் பாராட்டு, போகாத ஊருக்குப் பயணக் கட்டுரை... தொலையட்டும். கடையை நம்பிப் போனால் வயிறு கலங்கும். ஊரை நம்பிப் போனால் ஒருநாள் வீண். கடலை நம்பி இறங்குகிறவளுக்கு?

“ஒரு பொம்பிளை செத்திருப்பாள். விளங்குதா உங்களுக்கு?” என்றேன்.

“ஐயோ மேடம், சும்மா பயப்பிடுறீங்கள்” என்று சிரித்தார். “எத்தினை பேர் வாங்கியிருக்கினம்! இதுவரைக்கும் ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லையே!”

மூழ்கிப்போனவர்கள் எப்படி ஐயா முறைப்பாடு செய்வார்கள்?