கதவு தட்டப்பட்டபோது

திண்டுக்கல்லில் எங்கள் பங்குத் தேவாலயத்தில் பிணக்கென்றால், நியாயம் சொல்ல என்னைத்தான் அழைப்பார்கள். அப்படிப்பட்டவன் கொலைகாரனை ஊகிப்பதில் மனைவியிடம் தோற்கலாகாது என்று, நாங்கள் பார்க்கவிருந்த ஒரு துப்பறியும் தொடரின் கடைசிப் பகுதியை முதலில் தனியே பார்த்துவிட்டேன். பிறகு இருவருமாக முதலிலிருந்து பார்த்தோம். மருந்துக்கடைக்காரனே கொலைகாரன் என்று தொடக்கத்திலேயே அறிவித்தேன்.

பகுதிக்குப் பகுதி காவலர்கள் அவனை நெருங்கினார்கள். அவனோ மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான். ஆறாம் பகுதியில் அவன் வீட்டுக் கதவு தட்டப்பட்டதும், "திறக்காதே!" என்று கத்திவிட்டேன்.

மனைவி தொடரை நிறுத்தினாள். "ஏங்க, கொலகாரன்னு நீங்கதான சொன்னீக? இப்ப அவனுக்கே காவலுக்கு நிக்கிறீக?"

முடிவு தெரிந்தவனுக்கு அச்சம் எதற்கு?

"மிச்சத்தப் போடவா, வேணாமா?"

"போடு" என்றேன். அவன் பிடிபடுவதைக் கண்ணால் கண்டிருந்தும், இம்முறை தப்பிவிட மாட்டானா என்று ஏன் ஏங்கினேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.