வெள்ளை நூல் கட்டிய பொட்டலம்

பெரியப்பாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. பயிர்க்காவலுக்கென்று உரிமம் வாங்கிய பழைய நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்த பிறகுதான் சுட முடியும். அடுத்த வெடிக்குத் தயாராவதற்குள் பன்றி பல்லடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று சித்தப்பா கேலி செய்வார்.

அப்பாவும் அம்மாவும் திருப்பூர் நல்லூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். முழுப்பரீட்சை லீவு விட்டதும் என்னை ஊத்துக்குளிப் பக்கம் பெரியப்பாவின் தோட்டத்தில் விட்டுவிடுவார்கள். பெரியம்மா இறந்த பிறகு அவர் அங்கே தனியாக இருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த லீவில் எனக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தார். பொட்டலம் கட்டும் உத்தியோகம்.

மருந்தை அவர்தான் அளப்பார். நான் தொடக்கூடாது. ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தை ஒரு மடிப்பாகவும், குழலை அடைக்கும் நார் உருண்டையை இன்னொரு மடிப்பாகவும் தாளில் சுற்றித் தருவார். அதை நூலால் கட்டி முடிச்சுப் போடுவது என் வேலை. சித்தப்பாவின் தையல் யூனிட்டில் மிச்சமான கோன் நூல்தான். சிவப்பு நூல் என்றால் நாருக்குள் ஒற்றை ஈயக் குண்டு இருக்கும். அது பன்றிக்கு. மஞ்சள் என்றால் ரவை, பொடிப் பொடி ஈயக் குண்டுகள். அது வெறிநாய்க்கு. வெள்ளை என்றால் உள்ளே வெறும் நார்தான், சத்தம் மட்டும் வரும். அது மானுக்கு.

கரட்டுக் குன்றுப் பக்கமிருந்து புள்ளிமான்கள் விடியற்காலையில் கடலைக்காட்டுக்குள் இறங்கிவிடும். பெரியப்பா அவற்றை விரட்டுவாரே தவிரச் சுட மாட்டார். வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள் அல்லவா. "அது நம்ம முருகனுக்கு மாமியா ஊடு கண்ணு. மாமியா ஊட்டுக்காரங்களச் சத்தம் போடலாம், சுடலாமா?" என்பார். அதனால் வெள்ளைப் பொட்டலம் போடும்போது அவர் குறியே பார்ப்பதில்லை. துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மான் நிற்கிற பக்கமாக ஒரு வெடி வெடிப்பார். அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு மான்கறி வேண்டியிருந்தது. அவருக்கு வேலை கொடுக்கிற கம்பெனியின் மேனேஜர் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாராம். பெரியப்பாவிடம் துப்பாக்கியைக் கேட்டார். பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொட்டலப் பெட்டியைத் திறந்து பார்த்தார். வாத்தியார் கணக்குக் கேட்பதைப் போலக் கேட்டார்.

"ஏங்கண்ணு, குறி பாக்காமச் சுடற ஆளு ஒருத்தரு. அவரு துப்பாக்கியில எதைப் போட்டா மானு விழும், சொல்லு பாக்கலாம்? ஒத்தைக் குண்டா, ரவையா?"

நான் யோசித்தேன். ஒற்றைக் குண்டு போகிற இடத்துக்கு மட்டும் போகும். ரவை விரிந்து போகும்.

"ரவைங்க சித்தப்பா."

"பாத்தியா! இந்தப் புத்தி உங்கொப்பனுக்கு இருந்தா இன்னேரம் சொந்தமாக் கம்பெனி வெச்சிருப்பான்."

அப்புறம் அவர் செய்யச் சொன்னது சின்ன வேலைதான். ஒரு மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்து, அதில் வெள்ளை நூலைக் கட்டி, வெள்ளைப் பொட்டலங்களுக்கு மேலாக வைக்க வேண்டும். என் முடிச்சு பெரியப்பாவுக்குத் தெரியும். அதனால் நான்தான் கட்ட வேண்டும்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. மான் சாகும் என்று தெரியும். பெரியப்பாவுக்குப் பிடிக்காது என்றும் தெரியும். விடையைச் சரியாகச் சொன்ன சந்தோஷத்தில் கை தானாகவே முடிச்சுப் போட்டது.

மறுநாள் விடியற்காலை அவரோடு நானும் காட்டுக்குப் போனேன். மங்கலான வெளிச்சம். வரப்புக்கு அந்தப் பக்கம் நாலைந்து மான்கள் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. பெரியப்பா மேலாக இருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, தாளையும் நூலையும் கீழே போட்டார். மருந்தைக் கொட்டி, நாரை இடித்தார். என்னைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். பிறகு எப்போதும் போல இடுப்பில் வைத்து ஒரு வெடி வெடித்தார்.

மான்கள் பாய்ந்து ஓடின. ஒன்று மட்டும் ஓடவில்லை. முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது, விழுந்தது, மறுபடியும் எழப் பார்த்தது. பெட்டை மான். பெரியப்பா செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார். அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தண்ணி கொண்டா கண்ணு, தண்ணி" என்று கத்தினார். நான் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெரியப்பா திரும்பி வந்து, நின்று சுட்ட இடத்தில் நூலைத் தேடினார். அது அங்கேதான் கிடந்தது, வெள்ளை வெளேரென்று. நான் அதன்மேல் காலை வைத்து நின்றேன். அவர் பெட்டியைத் திறந்து மஞ்சள் பொட்டலங்களை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.

"மஞ்சள்ல ஒண்ணு கொறையுதா கண்ணு?"

"ஆமாங்க பெரியப்பா."

அது பொய் இல்லை. அதனாலேயே அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

"வெள்ளையும் மஞ்சளும் தெரியாமப் போச்சே எனக்கு. நாரு கனமா இருந்ததுகூடவா தெரியல?" என்று அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

ராத்திரி தோட்டத்திலேயே தங்கியிருந்த சித்தப்பா, வெடிச்சத்தம் கேட்டு அவசரமாக வருவதைப் போல வந்தார். வனத்துறையிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார் பெரியப்பா. "ஜெயிலுக்குப் போகோணுமுங்கண்ணா. உங்களுக்குக் கண்ணு மங்கிப் போச்சு, தெரியாம நடந்ததுக்கு என்ன பண்ண முடியும்? நா பாத்துக்கறன், நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார் சித்தப்பா. யூனிட் வேனில் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு அடியில் மான் போயிற்று. புதைக்கத்தான் கொண்டுபோகிறார் என்று பெரியப்பா நம்பினார். இரண்டு நாள் கழித்து ஒரு சம்புடத்தில் எனக்கு மட்டும் வறுவல் வந்தது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

அந்த வாரமே பெரியப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து, உரிமம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கண் டாக்டரிடம் போனார். டாக்டரம்மா எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். பெரியப்பா கடைசி வரியிலிருந்த பொடி எழுத்து வரைக்கும் தடுமாறாமல் வாசித்தார். வண்ணப் புள்ளிகள் போட்ட புத்தகத்தையும் விரித்துக் காட்டினார்கள். எல்லாம் சரியாகச் சொன்னார்.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்குதுங்க. கண்ணாடியே வேண்டாம்."

நான் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். டீக்கடை ஓரமாக நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கண்ணுல கொறையில்லையாமா கண்ணு. அப்படீன்னா புத்தியிலதான் எனக்கு என்னமோ கோளாறு."

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாருமில்லை. சித்தப்பாவும் இல்லை. என் கையில் அவர் வாங்கிக் கொடுத்த வர்க்கி இருந்தது. நான் அதைத் தின்றுகொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் மொபெட்டைத் தொடவில்லை. பூச்சிமருந்து டப்பாவை வருகிறவர் போகிறவரிடம் காட்டிப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தெளிப்பார். எந்தக் காரியமானாலும் தம்பி சொன்னால் சரி என்று சித்தப்பாவிடமே விட்டுவிட்டார். கடலைக்காடு இருந்த இடத்தில் இன்றைக்குச் சித்தப்பாவின் ஷெட் நிற்கிறது. இதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அப்போது பெரியப்பா இல்லை.

அன்றைக்கு எங்கள் பஸ் வந்து நின்றது. முகப்பில் ஊர்ப் பெயர் முழ உயர எழுத்தில் இருந்தது. பெரியப்பா அதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "எந்த ஊரு வண்டின்னு நீ பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். நான் சத்தமாக வாசித்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இத்தனை பெரிய மனிதர் என்னை நம்பி பஸ் ஏறுகிறார் என்று எனக்கு அப்போது ஒரே பெருமை.