கோவளத்தில் பைகளுக்குக் காவல்

கோவளம் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சென்னையை ஒட்டிய கோவளத்தில் எடுத்த ஒரு வீடியோ போனில் வந்தது. என் வயசுப் பொம்பளை ஒருத்தி பலகைமேல் நின்று அலையோடு கரைக்கு வந்தாள். வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, புதுசாக எங்கள் வெள்ளானூர் வீட்டுக்கு வந்தவள், போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும், அவளும் கொழுந்தனுமாக இரண்டு பைக்கில் நாலு பேரும் கிளம்பினோம். விடியும் முன்பே எழுந்து புளிசாதம் கிளறியதும், துண்டு, மாற்றுத்துணி எடுத்துவைத்ததும் நாங்கள் இரண்டு பேர். வண்டலூர், கேளம்பாக்கம் எல்லாம் தாண்டிப் போகிறவரை அந்தப் பைகள் எங்கள் மடியில்தான் இருந்தன.

கரையில் சர்ஃபிங் சொல்லித்தருகிற பெண், மீனவக் குப்பத்துப் பெண்தான், "எத்தினி பேரு?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரு" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்க அந்தப் படகு நெழல்ல குந்துங்க. பையப் பாத்துக்கோங்க" என்றார்.

உனக்கு ஆசையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனும் தம்பியும் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். நாங்கள் உட்கார்ந்தோம். படகு நிழல் என்று பேர், வெயில் நகர்ந்து காலில் ஏறியது. கொழுந்தன் கரைக்கு வந்து, "அண்ணி, தண்ணி குடு" என்றான். குடுத்தேன். என் வீட்டுக்காரர் அங்கிருந்தே கத்தினார்: "வீடியோ எடு! இன்னா தூங்கிகினு கீறியா?" எடுத்தேன். அவர் விழ விழ எடுத்தேன். பக்கத்தில் ஓரகத்தி மண்ணைக் கிளறியபடி, "அக்கா, நம்மள எதுக்குக் கூட்டினு வந்தாங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் தலைவரைக்கும் ஏறிவிட்டது. பைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் போனேன். மூச்சு வாங்கக் கரையேறிய என் வீட்டுக்காரர் காலடியில் பொத்தென்று போட்டேன்.

"நீ பாத்துக்க. நாங்க எறங்கறோம்."

"பைத்தியமா உனக்கு? நீச்சல் தெரியுமா? ஈரத்துணியோட வண்டில வருவியா? பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

"உனக்கு நீச்சல் தெரியுமாய்யா? நீ ஈரமா இல்லியா?"

சர்ஃபிங் சொல்லித்தருகிற பெண் இரண்டு மிதவைச் சட்டை எடுத்துவந்தாள். "இடுப்பளவு தண்ணிதான்க்கா. நான் புடிச்சிக்கறேன்."

சுடிதாரோடு இறங்கினோம். நான் ஒருமுறைகூட எழுந்து நிற்கவில்லை. மூக்கில் வாயில் உப்புத் தண்ணீர், முழங்கையில் சிராய்ப்பு. கோபத்திலேயே மறுபடி மறுபடி பலகைமேல் ஏறிப் படுத்தேன். ஆனால் ஓரகத்தி நின்றாள். முட்டி மடங்கி, இரண்டு கையும் விரிய, ஒரு சின்ன அலை கரையைத் தொடுகிறவரை நின்றாள். கீழே குதித்து, "அக்கா! பாத்தியா?" என்று கத்தினாள். அவள் குரல் அவ்வளவு பெரிசு என்று எனக்கு அதுவரை தெரியாது.

கரையைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புளிசாதம் தின்றுகொண்டிருந்தார்கள். போன் பைக்குள். அவர்களை வரிசையாக எடுத்த எனக்கு, அவள் நின்றதைக் காட்ட ஒரு படம் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு விசாரிக்க, இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்: "லேடீஸையும் எறக்கி உட்டேன் நைனா. பயப்புட்டாங்க. நான்தான் தகிரியம் சொன்னேன்."

உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வாசலுக்கு வந்தேன். "இன்னா தகிரியம் சொன்ன? நாங்க தண்ணில கீறப்போ நீ சோறு துன்னுகினு இருந்த. இவ நின்னா. நீ திரும்பிக்கூடப் பாக்கல."

பக்கத்து வீட்டுக்காரர் மெல்ல நழுவினார். உள்ளேயிருந்து ஓரகத்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. இவர், "நாலு பேரு முன்னால மானத்த வாங்கற" என்று சொல்லிவிட்டு என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தட்டும். அவருடைய அரை டவுசர் கடல் மண்ணோடு பக்கெட்டில் ஊறுகிறது. நான் தொடப்போவதில்லை.