தாழ்ப்பாளுக்கு ஒரு சம்மதக் கடிதம்

டக்… டக். பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு இதை எழுத இருந்தபோது சமைக்கிற குசினிப் பக்கம் யாரோ கதவைத் தள்ளிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். எழும்பிப் போகப் பயம். எழுதினால் பயம் குறையும் என்று எழுதுகிறேன்.

கறித்தூள் தொழிலை ஒளித்துச் செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மிளகாய் வறுத்தால் ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் தும்மும். நானும் ஒளித்துத்தான் தொடங்கினேன். பண்டத்தரிப்பில் நாங்கள் இருக்கும் வீடு, கனடாவில் இருக்கும் இராசன் அண்ணையுடையது. என் கணவருக்குத் தூரத்துச் சொந்தம். வாடகை இல்லை, வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது. என் கணவருக்கு வவுனியாவில் வேலை. தூள் வாங்கும் கடைக்காரரோ, பதிவு இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து எடுக்க ஏலாது என்றுவிட்டார். பதியப்போனால் அண்ணைக்குத் தெரியவரும். வீட்டை விட்டு எழும்பு என்று அவர் சொன்னால் இரண்டு வயதுப் பிள்ளையோடு எங்கே போவது? வீட்டிலிருந்து எதையாவது விற்கிற சகோதரிகளே, உங்களுக்கு இந்த நடுக்கம் புரியும்.

வெறும் கட்டங்கள்

படிவத்தில் ‘கட்டட உரிமையாளரின் பெயர்’ என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது. கொன்வென்ற்றில் படித்ததால் பொய் எழுத வராது. உண்மையை எழுதப் பயம். வெறுமையாக விட்டேன். அந்தப் பதற்றத்தில் மேலே இருந்த கட்டத்தையும் விட்டிருக்கிறேன். கிராம அலுவலர், எங்களுக்கு இன்னும் விதானையார்தான், கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“பிள்ளை, வீட்டுக்காரரின்ரை பேரை மறந்தது சரி. உம்மடை பேருமோ ஞாபகம் இல்லை?”

ஓம் சிஸ்டர்

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிகிற மேசையில் என்னைவிட இளம்பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் பேனாவைத் திறந்ததும் பள்ளிக்கூட ஒபிசில் கன்னியாஸ்திரிக்கு முன்னால் நிற்கிற மாதிரி என் கைகள் தானாக முதுகுக்குப் பின்னால் போயின. கேட்டதற்கெல்லாம் “ஓம் சிஸ்டர், ஓம் சிஸ்டர்” என்றேன். அடையாள அட்டைப் பிரதி இருந்தது, விதானையாரின் கையொப்பம் இருந்தது. ஒன்றுதான் இல்லை.

“அக்கா, எனக்குக் கலியாணம் பேசுகினம், சிஸ்டர் ஆக்கிப்போடாதேங்கோ. வீட்டுக்காரரின்ரை சம்மதக் கடிதத்தோடை வாங்கோ.”

பூனைக்குத் தெரியாத சட்டம்

கடிதம் கேட்கத் துணிவில்லாமல் ஒரு கிழமை இழுத்தேன். அதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. பதிவுக்காக இடம் பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர். அடுப்பில் மிளகாய், மனுசன் ஏழு தரம் தும்மிவிட்டுத்தான் பெயரே சொன்னார். தளம் சுத்தம், கிணற்றுத் தண்ணீர் சரி என்று எழுதிக்கொண்டு வந்தவர் குசினிக் கதவில் நின்றார். தாழ்ப்பாள் இல்லாத கதவு. நான் மா வைக்கிற வாளியை முட்டுக்கொடுப்பேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அடுத்த வீட்டுப் பூனை அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. ஆணி அடிக்க அனுமதி இல்லை என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

“தங்கச்சி, உந்தப் பூனைக்கு உங்கடை வீட்டுக்காரரின்ரை சட்டம் தெரியாது. தாழ்ப்பாளைப் போட்டிட்டுச் சொல்லுங்கோ, திரும்ப வாறன்.”

கனடாவிலிருந்து

தாழ்ப்பாளுக்கும் சம்மதம் வேண்டும், கடிதத்துக்கும் சம்மதம் வேண்டும். செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணைக்கு அழைப்பு எடுத்தேன். ஒளித்தது, வறுத்தது, விற்றது எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் செருமினார். பைக்கற்றில் உற்பத்தியாளர் முகவரி இருக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, கெட்டித்தனமாக அவருடைய இந்த வீட்டு முகவரியையே அச்சடித்து ஒட்டியவள் நான். ஊரிலிருந்து கனடா போனவர்கள் அந்தப் பைக்கற்றைத்தான் அவரிடமும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

“பிள்ளை, என்ரை வீட்டு இலக்கம் போட்ட தூளிலைதான் ஆறு மாசமா இஞ்சை கறி. கதவுக்கு ஆணி அடியும், கடிதமும் தாறன். ஆனா ஒரு வருசத்துக்குத்தான் எழுதுவன். வீட்டை விக்கிற யோசனை இருக்கு.”

இன்று பின்னேரம் தச்சர் தாழ்ப்பாள் பொருத்தினார். நானோ பழக்கத்தில் மா வாளியையே முட்டுக்கொடுத்திருக்கிறேன். எழும்பிப் போய்ப் பார்த்தால், டக், டக் என்று அதைத் தள்ளுவது அந்தப் பூனைதான். அதை ஒழுங்கைக்குத் துரத்திவிட்டு வந்தேன். ஒரு வருசம் கழித்து எங்கே போவது என்ற பயத்தோடு, முறைப்படி அனுமதி பெற்ற தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டாயிற்று.