கிளச்சுச் சத்தம்

"ஏனுங்கண்ணா, உங்க வண்டி கிளச்சு கடகடங்குது. அப்பாவுக்குத் தூக்கமே இல்லீங்க, சரிபண்ணக் கூடாதுங்களா?" என்று பக்கத்து வீட்டு மகேசு இன்று காலையில் கேட்டான்.

அவனுடைய அப்பன் வண்டியும் இதே சத்தம்தான் போடும். என் சின்ன வயதில் முதலமடையில் அவர் மாந்தோப்புக் குடிசையில் இருந்தோம். மாங்காய் பறிக்க எங்களை எழுப்ப, விடியுமுன்னே வாசலில் வந்து வண்டியை முறுக்குவார். பெட்ரோல் புகை தூளிக்குள் புகும். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று அம்மா கும்பிட்டாள்.

"உம்புள்ள தூங்கறதுக்கா தோப்பு வெச்சிருக்கேன்?" என்று இன்னும் முறுக்கினார்.

நாலாம் வகுப்பைத் தாண்டாத நான்தான் இன்று அந்தத் தோப்புக்குச் சொந்தக்காரன். கிளச்சைச் சரிசெய்வதும் எனக்குப் பெரிய வேலையில்லை.

"உங்கப்பன் வந்து கும்பிட்டுக் கேக்கட்டும், அன்னைக்கே சரிபண்றேன்" என்றேன்.

மகேசு தலைகுனிந்து போனான். நான் வண்டியை எடுத்து அவர்கள் ஜன்னலோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.